இன்னைக்கு யாரு டியூட்டி

பிப்ரவரி 9

வண்டு அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் வண்டுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, கடிதமெல்லாம் எழுதுகிறான் என்று நீ நினைக்கலாம். இங்கே ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். அங்கேயும் ஒரே காற்று, கத்தித்தான் பேச வேண்டும். நமக்கோ குரலை உயர்த்தினாலே பழைய சண்டையெல்லாம் ஞாபகம் வந்துவிடும். முந்தாநாள் என்ன ஆயிற்று பார்த்தாயல்லவா. "சாப்பிட்டியா" என்று நான் கத்தினேன். "எதுக்குக் கத்தறீங்க" என்று நீ கத்தினாய். நடுவில் வண்டு போனைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். கடிதத்தை வாளியில் போட்டாலும் காயவைத்துப் படிக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை ஜீப் கீழே போகிறது, தபாலும் அதில்தான்.

வேலை பரவாயில்லை. மலையைக் குடைந்த பாதைக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்குப் பெரிய குழாய்கள். அவற்றை ஒன்றோடொன்று பற்றவைக்கிறோம். ஒவ்வொரு மூட்டாக எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். என் முதல் மூட்டு தேறிவிட்டது. அறையில் என்னோடு கிரேன் ஓட்டுபவரும் எலெக்ட்ரீஷியன் ஒருவரும் இருக்கிறார்கள். கிரேன்காரர் விடும் குறட்டையில் தகரக் கூரை அதிர்கிறது.

கதவின் மேல்தாழ்ப்பாளை மறக்காமல் போடு. கீழ்த்தாழ்ப்பாளை அவள் கண்ணை மூடிக்கொண்டு திறப்பாள். குளிக்கப் போகும்போது கத்திரிக்கோலைக் கையோடு எடுத்துக்கொண்டு போ.

கம்பெனி உத்தரவு, என்ன செய்வது. எட்டு மாதம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். அந்த மாத்திரை விஷயத்தை நான் வந்தபிறகு பேசிக்கொள்வோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தினமும் மாத்திரை கொடுத்து உட்காரவைப்பது எனக்கு ஒப்பவில்லை. உனக்கே தெரியும், இரண்டு வருடமாகச் சொல்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். வண்டுவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
வண்டு அப்பா


பிப்ரவரி 20

வண்டு அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எங்களுக்கு ஒரு குறையுமில்லை. மலைக்குளிர் உங்கள் நெஞ்சுச்சளிக்கு ஆகாது, காதை மூடிக்கொண்டு படுங்கள்.

காலையில் நான் லேபுக்குக் கிளம்பும் முன் மேல்வீட்டுத் தையல்காரம்மா வந்து வண்டு பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். எழுப்புவது, பல் தேய்க்கவைப்பது, வேனில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பால் குடித்தாள். முட்டையைப் பாதி தின்றுவிட்டு மீதியை ஜன்னல் வழியாகப் பூனைக்குப் போட்டாள். பள்ளியிலிருந்து ஒரு புகார், பக்கத்துப் பெண்ணின் பின்னலை நாற்காலியில் கட்டிவிட்டாள். தண்ணீர்ப் பாட்டில் தொலைந்தது. வலது கால் ஷூ தொலைந்து திரும்பக் கிடைத்தது. மாலையில் ஒரு பெரிய அழுகை, இரண்டு சின்ன அழுகை. வீட்டுப்பாடம் முடியவில்லை.

எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வாசலில் நின்று உங்களிடம் ஒப்பிப்பது மாதிரியே எழுதியிருக்கிறேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வீர்கள், நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பேன். மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது. அவளுடைய இந்தத் துறுதுறுப்புக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டரம்மா பெயர் சொன்ன மாதமே நாம் இருவரும் போய் எதிரெதிர் ஷிஃப்ட் கேட்டு வாங்கினோம். வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று. எனக்குக் காலை, உங்களுக்கு மதியம். ஞாயிற்றுக்கிழமைகூட மாற்றி மாற்றி ஓவர்டைம். அதற்கப்புறம் நம் வீட்டில் சண்டை நின்றுபோனது. சண்டை போடவும் எதிரில் ஆள் வேண்டுமே.

அழைப்புமணியைக் கழற்றிவிட்டாள். ஏன்டி என்றேன்.

"சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாத்தேன்."

"கண்டுபிடிச்சியா?"

"இல்ல. ஆனா இனிமே சத்தமே வராது. அதனால தேட வேண்டாம்."

வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டுகிறார்கள். மாத்திரை விஷயம் நீங்கள் சொன்னபடியே. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டு அம்மா


மார்ச் 6

வண்டு அம்மாவுக்கு,

நானும் சுகம், நெஞ்சும் சுகம். உன் கடிதத்தைக் கிரேன்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அழைப்புமணிக் கதையைக் கேட்டுவிட்டு, "உங்க பொண்ணு இன்ஜினீயர் ஆவா, இல்ல இன்ஜினீயர்களைப் பைத்தியமாக்குவா" என்றார்.

இங்கே சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பாதைக்குள் போகிறோம், இருட்டியபிறகு வெளியே வருகிறோம். உள்ளேயும் இருட்டுதான் என்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு பற்றவைக்க உட்கார்ந்தால் அந்த ஒரு கோடு வெளிச்சம்தான் கண்ணுக்குத் தெரியும். யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. சாப்பிட்டுப் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குகிறேன். இப்படித் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

நீ தூங்குகிறாயா? எழுது. ஷூவுக்குள் அவள் பெயரை எழுதிவை, தொலைந்தாலும் வந்து சேரும்.

இப்படிக்கு,
வண்டு அப்பா


ஏப்ரல் 18

வண்டு அப்பாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நீங்கள் கவலைப்பட்டிருப்பீர்கள் என்று தெரியும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. லேபில் ஒரு பெண் பிரசவ லீவில் போய்விட்டாள், அவள் வேலையும் என் தலையில். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம். பசியில் எல்லோரும் எரிந்து விழுகிறார்கள். இரத்தம் எடுக்க அவர்கள் கையைப் பிடித்து நரம்பைத் தேடுவதற்குள் எனக்குப் பசி போய்விடுகிறது.

போன மாதக் கடைசியில் உங்கள் கம்பெனிக்காரர் ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார். உங்களைப்பற்றி நல்லவிதமாகச் சொன்னார்.

வண்டு பரவாயில்லை. கணக்கில் இந்தத் தடவை பாஸ். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். "இப்ப நல்லா உக்கார்றா" என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். ஒரு கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தாள். படித்து முடித்துவிட்டு, முடிந்துவிட்டதா என்று புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதியச் சாப்பாடு மட்டும் அப்படியே திரும்பி வருகிறது. வெயில் காலம், பசிக்காது.

நான் தூங்குகிறேன். கேட்டிருந்தீர்களே என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வண்டு அம்மா


மே 2

வண்டு அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகுதான் மனசு ஒரு நிலைக்கு வந்தது. நடுவில் மேட்டில் ஏறி மூன்று தடவை கூப்பிட்டேன். தையல்காரம்மாதான் எடுத்தார். "எல்லாரும் நல்லா இருக்காங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார். பார்த்தேன்.

வண்டு பாஸ் என்று படித்ததும் எலெக்ட்ரீஷியனுக்கும் கிரேன்காரருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன். பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா, வயது ஏற ஏறத் தானாகவே அடங்கும் என்று. நான் அங்கே இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். என்னைப் பார்த்தால்தானே அவளுக்குக் கொம்பு முளைக்கும்.

லேபுக்கு வந்த ஆள் யார்? என்ன சொன்னார்?

ஜூன் நடுவில் நாலைந்து நாள் லீவு கொடுக்கிறார்கள். வருகிறேன். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வண்டு அப்பா


ஜூன் 24

வண்டு அப்பாவுக்கு,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் மேட்டிலிருந்து சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

நீங்கள் வந்த அன்று நடந்தது ஒன்று. அதைப்பற்றி நாம் பேசவில்லை. நீங்கள் கவனித்தீர்களா என்றும் தெரியவில்லை. வண்டு கதவைத் திறந்தாள், உங்களைப் பார்த்தாள், உங்கள் கழுத்தில் தொங்கினாள். இறங்கினாள். உள்ளே ஓடிவந்து என் கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றாள். நான் எங்கேயும் போகவில்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒருவர் வந்தால் இன்னொருவர் கிளம்ப வேண்டும், அதுதானே அவள் பார்த்தது.

சாயங்காலம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாளே, அது நிச்சயம் உங்கள் காதில் விழுந்திருக்கும்.

"இன்னைக்கு யாரு டியூட்டி?"

நீங்கள் "ரெண்டு பேரும்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க உங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், யாரிடமும் கேட்காமல் அவளே எழுந்து போய் எடுத்துக்கொண்டாள்.

நீங்கள் சமையலறைக் குழாயைச் சரிசெய்தீர்கள், அழைப்புமணியை மாட்டினீர்கள், கட்டில் காலைப் பற்றவைத்தீர்கள். நான் தினமும் லேபுக்குப் போனேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. ராத்திரி அவளை நடுவில் படுக்கப்போட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டோம். ஒரு சண்டை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. மேல்வீட்டம்மா, "குடுத்துவெச்ச குடும்பம், சத்தமே இல்ல" என்றார். அதைப் பெருமையாக உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது பெருமையாக இல்லை.

குழாய் இப்போது ஒழுகவில்லை. மருந்தைத் தடவிக்கொள்ளுங்கள், கையில் தீப்பொறி பட்ட இடம் சீழ் பிடிக்கும்.

இப்படிக்கு,
வண்டு அம்மா


ஜூலை 10

வண்டு அம்மாவுக்கு,

நான் நலம். கைப்புண் ஆறிவிட்டது. உங்கள் இருவர் நலமும் அறிய வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேறு விஷயம் எழுதுகிறேன்.

வேலை இழுத்துக்கொண்டு போகிறது. இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டார். சம்பளமும் கொஞ்சம் கூடும். ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தடவை கட்டாயம் இல்லை, என் விருப்பம்தான். யோசித்துப் பார்த்தால் அங்கே எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. வண்டுவும் படிக்கிறாள், நீயும் தூங்குகிறாய். நான் வந்து அதைக் கலைக்க வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

ஒரு வருடம் இருந்துவிட்டால் அப்புறம் இன்னொரு வருடம் கேட்பார்கள், அதுவும் தெரியும். நீ வா என்றால் வருகிறேன். இரு என்றால் இருக்கிறேன். உன் பதிலைப் பார்த்துச் சொல்கிறேன் என்று இன்ஜினீயரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வண்டு அப்பா


ஜூலை 22

வண்டு அப்பாவுக்கு,

இங்கே யாவரும் நலம். உங்கள் நலனுக்கு எழுதுங்கள்.

உங்கள் இஷ்டம்.

வண்டுவுக்கு இருமல் இருந்தது, சரியாகிவிட்டது.

இப்படிக்கு,
வண்டு அம்மா


ஆகஸ்ட் 11

வண்டு அப்பாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. போன கடிதத்துக்குப் பதில் எழுத என்ன இருக்கிறது, அதனால் நானே மறுபடி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

வண்டு நகத்தைக் கடிக்கிறாள். முன்பு எப்போதாவது கடிப்பாள், இப்போது விரல் நுனியில் இரத்தம் வருகிற அளவுக்கு. மாத்திரையால் இருக்குமோ என்று டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆமாம், மாத்திரை. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து கொடுக்கிறேன். அவர் கையைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. நம் வீட்டில்தான் சண்டையே இல்லையே.

திரும்பி வந்ததும், இனியும் எதற்கு இந்த மூடுமந்திரம் என்று தோன்றியது. ஒரு வருடம் இருக்கப்போகிற மனுஷன், தெரிந்துகொண்டு இருக்கட்டும். அவளை எதிரில் உட்காரவைத்தேன். ஆரம்பத்தில் நான்தான் அவளிடம், "அப்பாகிட்ட மாத்திரையைப் பத்திச் சொல்லாதே" என்று சொல்லிவைத்திருந்தேன்.

"வண்டு, இனிமே அந்த மாத்திரை விஷயத்தை அப்பாகிட்ட சொல்லலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"அவருக்குத்தான் தெரியுமே."

"நீ சொன்னியா?"

"நான் சொல்லல. அவரா கண்டுபிடிச்சார். தனக்குத் தெரியும்னு உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னார். அதான் உன்கிட்டயும் சொல்லல."

கொஞ்ச நேரம் விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"இப்ப சொல்லிட்டேனே. அப்பா கோச்சுப்பாரா?"

மாட்டார் என்றேன். "அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றாள். இவளால் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று நீங்களும் நானும் எத்தனை டீச்சர்களிடம், எத்தனை டாக்டர்களிடம் சொல்லியிருப்போம். நான்கு மாதம் மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடமிருந்து உங்களுடையதையும், உங்களிடமிருந்து என்னுடையதையும். பாட்டில், ஷூ, சாவி எல்லாவற்றையும் தொலைப்பவள் இதைத் தொலைக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை பார்க்க வந்தவர் உங்கள் போர்மேன். அவர் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டிருந்தேன். "அந்த மலைக்கு யாருமே போகமாட்டேன்னாங்க. உங்க வீட்டுக்காரர்தான் முதல்ல கை தூக்கினார். நல்ல மனுஷன்" என்றார். கம்பெனி உத்தரவு என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. நரம்பு கிடைத்தது, ஒரே குத்தில் எடுத்துவிட்டேன். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார், அவருக்கும் எடுத்தேன். அந்த வாரம்தான் மாத்திரைக்குச் சரி என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். கோபத்தில் செய்யவில்லை. கோபம் வந்திருந்தால் உங்களுக்கு எழுதிச் சண்டை போட்டிருப்பேன். கேட்க ஆள் இல்லை, அதனால் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை தப்பில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவளுக்கு உபயோகமாக இருக்கிறது. பசியில்லாமல் போவதால் டாக்டரம்மா மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், பார்க்கலாம். ஆனால் மறைக்க அவளைக் கூட்டுச் சேர்த்தது நான். அதற்கு மேல் இன்னொன்றை அவள் தலையில் ஏற்றியது நீங்கள்.

நீங்கள் இருங்கள், வாருங்கள், எதுவாயிருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அவளிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
வண்டு அம்மா


ஆகஸ்ட் 25

உனக்கு,

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஜீப்பை இரண்டு தடவை விட்டுவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கும் அவளுக்கும் எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

லீவில் வந்த இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். நீ லேபில் இருந்தாய். வண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து சுவரில் இடித்தது. தெருவே ஓடிப்போய்ப் பார்த்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டையும் தொடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மா ஏதாவது மருந்து குடுக்கறாளா?" என்றேன்.

"நான் ஒண்ணு சொல்லக்கூடாது. அதனால நீங்க கேக்காதீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்று வேண்டாம் என்றவன். வரவில்லை. சரி, கொடுத்துவிட்டாள், பிள்ளை படிக்கிறது என்று தோன்றியது. உன்னைக் கேட்டால் நீ பதில் சொல்வாய், நான் ஏதாவது சொல்வேன், லீவு முழுக்க அதுவாகிவிடும். அதற்கு என்னிடம் தெம்பில்லை. அதனால் அவளிடம், "எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன். உன்னைச் சங்கடப்படுத்தாமல் விட்டுவிட்டேன் என்று எனக்கு என்மேல் ஒரு நல்ல அபிப்பிராயம்கூட வந்தது. ஜீப்பில் திரும்பி வரும்போது நிம்மதியாகத் தூங்கினேன்.

போர்மேன் சொன்னது உண்மை. கை தானாக மேலே போய்விட்டது என்று எழுதலாம். தானாகப் போகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. நாம் இரண்டு பேரும் முறைவைத்து இளைப்பாறினோம். நீ இருக்கும்போது நான், நான் இருக்கும்போது நீ. அவள் இரண்டு ஷிஃப்டும் பார்த்திருக்கிறாள். அவளை மாற்றிவிட ஆளில்லை.

இன்ஜினீயரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். உனக்காக வருகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எழுதினால் உனக்கே சிரிப்பு வரும். உன்மேல் எனக்கு வெறுப்பில்லை. வேறு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. உன்னோடு ஒரு அறையில் உட்கார்ந்து என்ன பேசுவது என்பதே மறந்துபோயிருக்கிறது. அங்கே வந்ததும் ஜெனரல் ஷிஃப்டில் போடச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் வீட்டில் இருப்பேன். நீயும் இருப்பாய். சண்டை வரும். மாத்திரைக்கே முதல் சண்டை வரலாம். வரட்டும், அவள் காதில் விழட்டும். அவள் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லாமல் இருந்தால் போதும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை மதியம் வந்துவிடுவேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் உள்ளே வரும்போது நீ வீட்டில் இரு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நீ கிளம்பிவிடாதே.

நான்


செப்டம்பர் 8

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இருவரும் சுகமாக இருக்கிறோம் என்று வழக்கம்போல எழுத வந்தேன். அவள் சுகம். நகம் இரண்டு விரலில் வளர்ந்திருக்கிறது. நான் சுகமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நிஜமாகக் கேட்டதால் இப்படி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அழுகை வரும் என்று நினைத்து உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவந்து துணி மடித்தேன். தேடிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் திரும்பப் படித்தேன். எனக்கும் அப்படித்தான். இதையாவது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர் வர்றார்" என்றேன். "அதுக்கு எதுக்கு லீவு, நீ வழக்கமா அப்பதானே வேலைக்கு வருவே?" என்றாள். கிண்டல்தான் செய்தாள்.

வண்டுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்கும் தெரியும், அவர் கோபித்துக்கொள்ளவில்லை, இனிமேல் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம் என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப எனக்கு வேற வேலை என்ன?" என்றாள். உனக்கு வேலையே இல்லை, போய் விளையாடு என்றேன். போகவில்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா வந்தா நீ எங்க போவே?"

"எங்கயும் போகமாட்டேன். ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவும்."

அவள் நம்பவில்லை. தலைப்பையும் விடவில்லை. வாருங்கள்.

நான்